ரெயூனியன் தீவில் கடையில் நாய்க்குட்டி விற்கக் கூடாதாமே, இனி எங்கே போய் வாங்குவது?

காரைக்கால்_974:
எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் காரைக்கால் குடும்பம், சேன்-தெனிக்கு வந்து சில வருடம் ஆகிறது. மகளுக்குப் பத்து வயது, பொங்கலுக்குள் நாய்க்குட்டி வாங்கித் தருகிறேன் என்று வாயை விட்டுவிட்டேன். நாங்கள் வந்த புதிதில் ஒரு பிராணிக் கடையில் வாசலை ஒட்டிக் கண்ணாடிப் பெட்டிக்குள் குட்டிகள் இருக்கும், அந்த நினைப்பில் போன சனிக்கிழமை அங்கே போனால் மீன் தொட்டி, முயல், கிளி தவிர ஒன்றுமில்லை. கேட்டால் "சட்டம் மாறிவிட்டது" என்று சொல்லிச் சிரிக்கிறான் கடைப் பையன். இது இந்தத் தீவுக்கு மட்டும் போட்ட சட்டமா? லெபோன்குவான் என்ற விளம்பர இணையதளத்தில் ஒரு விளம்பரம் பார்த்தேன், சிவாவா என்கிற குட்டை ஜாதி நாய், ஆறு வாரக் குட்டி, 400 யூரோ, சூப்பர் மார்க்கெட் பார்க்கிங்கில் கொண்டு வந்து தருகிறாராம். மச்சான் வேறு, ஊருக்கு வரும்போது காரைக்காலிலிருந்தே தூக்கிக்கொண்டு போ என்கிறான். யாராவது சொல்லுங்கள்.

மருந்துப்பெட்டி:
அண்ணா, நான் சேன்-பியேரில் ஒரு கால்நடை மருத்துவரிடம் உதவியாளராக இருக்கிறேன். முதலில் அந்த பார்க்கிங் ஆளை மறந்துவிடுங்கள், எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்பதே குற்றம்.

சட்டம் பிரான்ஸ் முழுவதற்கும்தான், நாமும் அதில் அடக்கம். 2021 நவம்பர் 30-ல் போட்ட சட்டம், கடைகளில் நாய், பூனை விற்பதற்கான தடை அதன்படி 2024 ஜனவரி 1-ல் அமலுக்கு வந்தது. காப்பகத்து நாய்களைச் சங்கங்களோடு சேர்ந்து கடையில் காட்டித் தத்துக் கொடுக்கலாம், அதற்குத் தடை இல்லை. இன்னொன்று, குட்டியைக் கையில் வாங்குவதற்கு ஏழு நாள் முன்பே ஒரு உறுதிச் சான்றிதழில் நீங்கள் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும், இலவசமாக வாங்கினாலும் இதே கதைதான். "ஐயோ எவ்வளவு அழகு" என்று அந்த நிமிடமே தூக்கிக்கொண்டு வந்து, ஆறு மாதத்தில் மலையடிவாரத்தில் விட்டுவிட்டுப் போகிறவர்களுக்காக வந்தது அது.

விளம்பரம் பார்த்தால் தாயின் சிப் (அடையாளத்துக்காகத் தோலுக்கு அடியில் வைப்பது) எண்ணோ குட்டியின் சிப் எண்ணோ இருக்கிறதா என்று பாருங்கள். பிரான்ஸில் போட்ட சிப் 250 என்று தொடங்கும், மொத்தம் 15 இலக்கம். வீட்டுக்கே போய்த் தாயையும் பாருங்கள். தாயைக் காட்ட மாட்டேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

பழைய_கடைக்காரன்:
அந்தத் தங்கை சொல்வது சரிதான், ஆனால் ஒரு பக்கம்தான். நான் அப்படி ஒரு கடையில் ஆறு வருடம் வேலை பார்த்தவன். கண்ணாடிப் பெட்டி எனக்கும் பிடித்ததில்லை, ராத்திரி கடை அடைக்கும்போது அதுகள் பார்க்கிற பார்வை இருக்கிறதே, வேண்டாம். ஆனால் எங்களிடம் பதிவேடு இருந்தது, அதிகாரி வந்து பார்த்தார், குட்டி செத்தால் வாடிக்கையாளர் எங்கள் கழுத்தைப் பிடிக்கலாம். பார்க்கிங்கில் விற்கிறவன் கழுத்தை யார் பிடிப்பது? கலிபோர்னியாவில் 2019-லிருந்து கடைகள் காப்பகத்து நாய்களை மட்டும்தான் விற்கலாம் என்றார்கள், உடனே குட்டி வியாபாரிகள் காப்பகம் என்று பெயர்ப்பலகை மாட்டிக்கொண்டு அதே குட்டிகளைக் கடைக்கு அனுப்பினார்கள், அந்த ஓட்டையை அடைக்க 2021-ல் இன்னொரு சட்டம் வேண்டியிருந்தது. கதவைச் சாத்தினால் ஜன்னல் வழியாக வருவான்.

மருந்துப்பெட்டி:
அண்ணே, ஜன்னல் திறந்திருக்கிறது என்பதற்காகக் கதவையும் திறந்து வைக்க முடியுமா? எங்களிடம் பார்வோ என்கிற வயிற்றுப்போக்கு வைரஸ் நோய் வந்து கிடக்கும் குட்டிகளில் கடையில் வாங்கினதும் இருந்தது, நெட்டில் வாங்கினதும் இருக்கிறது. நீங்கள் கழுத்தைப் பிடிக்கலாம் என்கிறீர்கள், எத்தனை பேருக்கு அது தெரிந்திருந்தது? குட்டி கைக்கு வந்து ஐந்து நாளுக்குள் மருத்துவர் பார்வோ சந்தேகம் என்று எழுதித் தர வேண்டும், முப்பது நாளுக்குள் வழக்குப் போட வேண்டும். முக்கால்வாசிப் பேர் "வயிறுதான் சரியில்லை, சரியாகிவிடும்" என்று ஒரு வாரம் கழித்துத்தான் வருவார்கள்.

காரைக்கால்_974:
சரி, பார்க்கிங் ஆளுக்குக் கும்பிடு போட்டாயிற்று. காரைக்கால் யோசனை எப்படி?

மருந்துப்பெட்டி:
குட்டி மூன்று மாதம் ஆன பிறகுதான் வெறிநாய்த் தடுப்பூசி, அது போட்டு முப்பது நாளாவது கழித்து ரத்தம் எடுத்து சோதனை, ரத்தம் எடுத்த நாளிலிருந்து இன்னும் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். இந்தியாவிலிருந்து வருவதற்கு இதுதான் விதி. இங்கே வந்து இறங்கும்போது அது குட்டியாகவே இருக்காது, ஏழு மாதத்து நாய்.

ஆயா_சேன்ஆந்த்ரே:
தம்பி, ஏன் இவ்வளவு சுற்று? இந்தத் தீவில் நாய்க்கா பஞ்சம்? தெருத் தெருவாக அலைகிறது. நாலு ஜாதி கலந்த நாய்க்கு இங்கே ரொயால் பூர்போன் என்று ராஜ வம்சப் பெயரே வைத்திருக்கிறார்கள், கேலிதான், ஆனால் பாசத்தோடு. இங்கே தத்தெடுக்க ஆள் பத்தாமல் சங்கங்கள் நாய்களை விமானத்தில் ஏற்றி பிரான்ஸுக்கு அனுப்புகின்றன, நீங்கள் 400 யூரோவைக் கையில் வைத்துக்கொண்டு சிவாவா தேடுகிறீர்கள். என் வீட்டில் இப்போது இருப்பது மூன்றாவது பூர்போன். தீபாவளி வெடிக்கு மட்டும் கட்டிலுக்கு அடியில் போய்விடும், மற்றபடி ஒரு தொல்லை இல்லை. கருத்தடை மட்டும் தள்ளிப் போடாதீர்கள், வருமானம் குறைந்தவர்களுக்கு அதற்கென்று முகாம் நடக்கிறது, மேரியில், அதாவது நகராட்சி அலுவலகத்தில், கேளுங்கள்.

பழைய_கடைக்காரன்:
ஆயா சொன்னதற்கு மேல் நான் என்ன சொல்ல. ஆனால் காப்பகத்திலும் குட்டியின் மலத்தைப் பாருங்கள், கண்ணைப் பாருங்கள், அழகை அப்புறம் பார்க்கலாம்.

காரைக்கால்_974:
நேற்று ஒரு காப்பகத்துக்குப் போய் வந்தோம். கருப்பு, ஒரு காது நிற்கிறது, ஒரு காது தொங்குகிறது, நான்கு மாதம். அந்தச் சான்றிதழில், பிராணியின் தேவைகளை மதித்து நடப்பேன் என்று ஒரு வாக்கியத்தைக் கையாலேயே எழுதச் சொல்கிறார்கள். நான் எழுதியதற்குக் கீழே மகள் தன் பெயரையும் தமிழில் எழுதிவிட்டாள், அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வியாழக்கிழமை வீட்டுக்கு வருகிறது. ஆயா, வெடிச் சத்தத்துக்கு என்ன செய்வீர்கள் என்று கொஞ்சம் விவரமாக எழுதுங்களேன்.