அப்பாவின் லோங்ஸுக்குள் மடிந்து கிடக்கும் துணி: இது எந்தக் காலத்துத் தையல்?

பழைய அலுமாரி (பம்பலப்பிட்டி) கேட்டது:

அப்பாவின் ஆட்டைத் திவசம் முடிந்த பிறகு அவருடைய அலுமாரியை ஒழுங்குபடுத்தியபோது, பூச்சி உருண்டை வாசனையோடு கபில நிற லோங்ஸ் ஒன்று அகப்பட்டது. வெளியிலிருந்து பார்த்தால் அது கால்கள் நேராக இறங்கும் சாதாரணக் காற்சட்டைதான். உட்புறத்தைப் புரட்டிய பின்னரே வியப்பு ஏற்பட்டது. முழங்காலுக்குக் கீழே இரு பக்கத் தையல்களிலும் துணி வெட்டப்படாமல் மடித்து விடப்பட்டிருக்கிறது. இறங்க இறங்க அகன்று, கால் விளிம்பில் அந்த மடிப்பு ஒன்றேமுக்கால் அங்குலம் வருகிறது. இடுப்பின் பின் தையலிலும் ஒன்றரை அங்குலம் மிச்சம் இருக்கிறது. இடுப்புப் பட்டியின் உள்ளே கறுப்பு மையில் 412 என்ற இலக்கம் மட்டும் எழுதப்பட்டிருக்கிறது. கடையின் பெயர் எங்கும் இல்லை.

அப்பா கோட்டையில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்தார். இப்போதுள்ள கால் விளிம்பின் சுற்றளவு 17 அங்குலம். இது எந்த ஆண்டளவில் தைக்கப்பட்டிருக்கும், எத்தகைய கடையில் தைத்திருப்பார், அத்தனை துணியை எதற்காக உள்ளே விட்டார்கள் என்பதை அறிந்தவர்கள் கூறினால் உதவியாக இருக்கும். முடியுமானால் பழைய வடிவத்துக்கே திருப்பி நானே அணியலாம் என்ற ஆசையும் உண்டு.

புறக்கோட்டைக் கணக்கன் (கொட்டாஞ்சேனை) எழுதியது:

தம்பி, முதலில் துணியைப் பாருங்கள். உள் மடிப்பிலிருந்து ஒரே ஓர் இழையை உருவி, பீங்கான் தட்டின் மேல் பிடித்துக் கொளுத்துங்கள். முடி கருகும் மணம் வந்தால் கம்பளி. கடதாசி எரியும் மணத்தோடு சாம்பலானால் பருத்தி. உருகிச் சுருண்டு கறுப்பு மணிபோல இறுகினால் பொலியெஸ்டர். உங்களுடையது மூன்றாவது வகையாகத்தான் இருக்கும். நாங்கள் அதை டெட்ரோன் என்போம். அது உண்மையில் ஜப்பானிய நிறுவனங்கள் தம் பொலியெஸ்டருக்கு இட்ட வணிகப் பெயர். கடையிலோ எந்தப் பொலியெஸ்டர் கலப்புத் துணி வந்தாலும் அதற்கு டெட்ரோன் என்றே பெயர். கசங்காது, தோய்த்து உலரவிட்டால் மறுநாள் அலுவலகத்துக்குத் தயார் என்பதற்காகக் கொழும்பின் வெக்கையிலும் எல்லோரும் அதையே விரும்பினார்கள். முதுகோடு ஒட்டிக்கொள்ளும் என்பதை யாரும் பொருட்படுத்தவில்லை.

நான் 1968 முதல் இரண்டாம் குறுக்குத் தெருப் புடவைக் கடையொன்றில் கணக்கெழுதியவன். கோட்டையில் வைட்டவேஸ் கட்டடமும் 1906 இல் கட்டி முடிக்கப்பட்ட கார்கில்ஸ் கட்டடமும் துரைமாரின் கொள்வனவுக்காக எழுந்த பெருங்கடைகள். எங்களைப் போன்றவர்கள் அவற்றின் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்ததே அதிகம். 1949 இல் தொடங்கிய ஹமீடியாஸில் திருமணத்துக்குக் கோட் சூட் தைப்பவர்கள் இருந்தார்கள். மாதச் சம்பளக்காரர் அன்றாட லோங்ஸுக்குப் புறக்கோட்டையில் துணி வாங்கி, வீட்டருகே உள்ள தையற்காரரிடம் கொடுப்பதே வழக்கம். பெயர்ப் பட்டி இல்லாமல் இலக்கம் மட்டும் இருப்பதும் அதற்கு ஒத்துப்போகிறது.

துணியை வெட்டாமல் விட்ட காரணத்தை 1970 முதல் 1977 வரையான ஆண்டுகளை நினைத்தால் விளங்கிக்கொள்ளலாம். இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியிருந்த அந்தக் காலத்தில் நல்ல காற்சட்டைத் துணி கடைக்கு வருவதே ஒரு செய்தி. அரசாங்கத்தின் சலுசல துணி விற்பனை நிலையத்தில் கிடைத்ததை வாங்குவோம். இல்லாவிட்டால் வெளிநாடு போய் வருபவர் ஒரு துண்டு கொண்டுவரட்டும் என்று காத்திருப்போம். எங்கள் முதலாளி யார்க்கோலால் அளக்கும்போது பெருவிரலைத் துணியோடு சேர்த்துப் பிடிக்கிறாரா என்று வாடிக்கையாளர் குனிந்து பார்ப்பார்கள். அப்படி வாங்கிய துணியைக் கத்தரிக்கோலால் நறுக்கிக் குப்பையில் போட எந்தத் தையற்காரருக்கும் கை வராது. 1977 இல் திறந்த பொருளாதாரம் வந்த பிறகு சுருள் சுருளாகத் துணி இறங்கியது. அந்தத் தீபாவளிகளில் எங்களுக்கு மதியச் சாப்பாட்டுக்கு நேரம் கிடைத்ததில்லை.

ஊசி நூல் (முன்னர் வெள்ளவத்தை) எழுதியது:

எனது தந்தையார் தையற்காரர். பாடசாலை விட்டு வந்ததும் கடையில் தெறி தைப்பது என் வேலை. ஆகவே துணியைப் பற்றி ஐயா சொன்னதை விட்டுவிட்டுத் தையலைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

மடிப்பு ஒன்றேமுக்கால் அங்குலம் என்றால், ஒரு தையலில் இரு பக்கமும் சேர்த்து மூன்றரை அங்குலம். ஒரு காலுக்கு இரண்டு தையல்கள். ஆகவே ஏழு அங்குலம். பதினேழோடு ஏழைக் கூட்டினால் இருபத்துநான்கு. முதல் தையலுக்கு விட்ட ஓரத்தைக் கழித்தால் சற்றுக் குறையும். உங்கள் அப்பா அணிந்தது அசல் பெல்பொட்டம், தம்பி. 1960களில் கணுக்காலைப் பிடிக்கும் குழாய்க் காற்சட்டை அணிந்த இளைஞர்களே பத்து ஆண்டுக்குள் தெருவைக் கூட்டுமளவுக்குக் கால் விளிம்பை விரித்தார்கள். பின்னர் 1980களில் அகலம் குறைந்து, அந்தப் பத்தாண்டின் முடிவில் இடுப்பில் கொசுவம் வைத்து, தொடையில் தளர்ந்து, கீழே ஒடுங்கும் பேகி வந்தது. முன்புறம் தட்டையாக வெட்டிய துணியில் கொசுவம் வைக்க முடியாது என்பதால் பழைய பெல்பொட்டத்தைக் கொண்டுவருபவர்களுக்குக் கீழ்ப்பகுதியை மட்டும் ஒடுக்கிக் கொடுப்போம். ஒரு பக்கத்தில் மட்டும் பிடித்தால் நடு மடிப்புக் கோடு காலின் ஓரத்துக்குத் திரும்பிவிடும். ஆகவே உள் தையலிலும் வெளித் தையலிலும் சம அளவு பிடிக்க வேண்டும். உங்களுடையதில் இரு பக்கமும் சமமாக இருப்பதால், செய்தவர் வேலை தெரிந்தவர்.

இடுப்புப் பட்டியையும் பாருங்கள். பின்புறம் நடுவில் அது இரண்டு துண்டாகச் சேர்ந்திருக்கும். வயிறு வைத்தால் பின் தையலைப் பிரித்து இடுப்பைப் பெருக்குவதற்காக, தைக்கும்போதே அப்படி அமைப்பார்கள். மாப்பிள்ளைக்கு அளவெடுக்கும்போது என் தந்தையார் ஐந்து ஆண்டுக்குப் பிந்திய வயிற்றுக்கும் சேர்த்தே துணி விடுவார். அதை மாப்பிள்ளையிடம் சொல்லமாட்டார்.

412 என்பது அளவுப் புத்தகத்தின் இலக்கமாக இருக்க வேண்டும். எங்கள் கடையிலும் அப்படித்தான்: ஒருவருக்கு ஓர் இலக்கம், அதன் கீழே இடுப்பு, தொடை, முழங்கால், நீளம், எந்தத் தோள் சற்று இறங்கியது, எவர் பணப்பையை எந்தப் பையில் வைப்பார் என்ற குறிப்புகளும் இருக்கும். அந்த இலக்கத்தைக் கொண்டு ஆளைக் கண்டுபிடிக்கலாம் என்று சொல்லவே விருப்பம். ஆனால் எங்கள் புத்தகங்கள் 1983 ஜூலையில் கடையோடு எரிந்துபோயின. காலி வீதியில் அந்த வாரம் எரிந்த தமிழர் கடைகளில் தையற்கடைகளும் அடங்கும். தந்தையார் பிறகு வீட்டு முன் அறையில் இயந்திரத்தை வைத்துத் தைத்தார். பழைய வாடிக்கையாளர் வந்து நின்றால் புதிதாக அளவெடுக்காமல், அவர் அணிந்திருந்த காற்சட்டையைக் கழற்றித் தரச் சொல்லி, அதிலிருந்து அளவை மீட்டு எழுதிக்கொள்வார்.

பழைய வடிவத்துக்குத் திருப்ப வேண்டாம் என்பதே என் எண்ணம். பொலியெஸ்டரில் ஊசித் துளை மூடாது, சூட்டில் பதிந்த மடிப்புக் கோடும் போகாது. உள்ளே இருந்த துணி வெயில் காணாததால் நிறமும் வேறுபடும். விரித்தால் காலில் இரண்டு பட்டைக் கோடுகள் தெரியும்.

தரப் பரிசோதகி (தெஹிவளை) எழுதியது:

அண்ணாமார் இருவரும் எழுதியதை ரசித்தேன் என்றாலும் ஒரு மாற்றுக் கருத்தைப் பதிகிறேன். நான் ஆடைத் தொழிற்சாலையில் பதினெட்டு ஆண்டுகள் வேலை செய்தவள். தையற்காரரின் பெருமையைப் பேசும்போது, தீபாவளிக்கு முதல் நாள் இரவு பத்து மணிக்கும் "தெறி மட்டும் பாக்கி" என்று கேட்டுத் திரும்பிய சிறுவர்களையும் நினைக்க வேண்டும். என் தம்பி ஒரு வருடம் பாடசாலைச் சேட்டுடன்தான் கோயிலுக்குப் போனான்.

ஆயத்த ஆடையில் உள் மடிப்பு ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர்தான். அது கஞ்சத்தனத்தால் அல்ல. ஓர் ஆடையின் செலவில் பெரும் பங்கு துணிக்கே போவதால், ஆயிரக்கணக்கில் வெட்டும்போது ஒவ்வொரு மில்லிமீற்றரும் கணக்கில் வரும். 1978 இல் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கியதும் 1992 இல் இருநூறு ஆடைத் தொழிற்சாலைத் திட்டம் வந்ததும் ஆண்களின் உடையைப் பெரிதும் மாற்றின. ஏற்றுமதியில் மிஞ்சிய சேட்டுகள் பெயர்ப் பட்டி நறுக்கப்பட்டுப் புறக்கோட்டை நடைபாதைக்கு வந்தபோது, வெளிநாட்டில் பெரும் விலைக்குப் போகும் அதே தையலைக் கூலித் தொழிலாளியும் அணிந்தார். கொழும்பில் 1890 இல் ஒரு சில்லறைக் கடையாகத் தொடங்கிய ஹிர்தாரமணி இன்று உலகுக்கே ஆடை தைத்து அனுப்புகிறது. ஆகவே இழப்பின் கதையாக மட்டும் இதைச் சொல்ல என்னால் இயலாது.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். என் கணவரின் காற்சட்டைகள் இடுப்பு இறுகிய அன்றே வீட்டை விட்டுப் போகின்றன. பெருக்குவதற்கு உள்ளே ஒன்றும் இல்லை.

பழைய அலுமாரி மீண்டும் எழுதியது:

மூவருக்கும் நன்றி. இழை உருகி மணியாகியது. இடுப்புப் பட்டியும் நடுவில் சேர்ந்ததுதான். ஊசி நூல் ஐயா எழுதிய பிறகு விளக்கின் கீழ் வைத்துப் பார்த்தபோது, இப்போதைய தையலுக்கும் துணியின் ஓரத்துக்கும் இடையில் இன்னொரு துளை வரிசை தெரிந்தது. அந்த வரிசையில் அளந்தால் விளிம்பு 20 அங்குலம் வருகிறது. ஆகவே இருபத்துநான்குக்குச் சற்றுக் குறைவு, இருபது, பதினேழு என்று இரண்டு முறை ஒடுக்கியிருக்கிறார்கள். அம்மாவிடம் கேட்டேன். பெல்பொட்டத்தோடு அப்பா பெண் பார்க்க வந்ததாகவும், அதைக் கண்டு தாத்தா முகம் சுளித்ததாகவும், முதல் தடவை ஒடுக்கியது அதற்காகவே என்றும் சொன்னார். திருமணம் 1979 இல். நாகரிகம் மாறுவதற்கு முன்பே தாத்தா மாற்றிவிட்டார் போலும்.

விரிக்கும் எண்ணத்தைக் கைவிட்டேன். பின் தையலில் ஒன்றரை அங்குலம் இருப்பதால் எனக்கு அளவாக இடுப்பை மட்டும் பெருக்கலாமா என்று வெள்ளவத்தையில் ஒரு தையற்காரரிடம் கேட்டிருக்கிறேன். சனிக்கிழமை வரச் சொன்னார்.