டேப்பின் ஒரு முனை

அல்சூர்வாசி எழுதுகிறார்:

அப்பாவுக்குக் காது மந்தம். அதனாலேயே எங்கள் வீட்டில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து பார்த்த ஒரே நிகழ்ச்சி கனடாக்காரர்களின் ‘ஜஸ்ட் ஃபார் லாஃப்ஸ் கேக்ஸ்’. ஒளித்துவைத்த கேமராவால் எடுக்கும் குறும்பு, வசனமே கிடையாது. தெருவில் போகிறவர் எதிலாவது மாட்டிக்கொண்டு திருதிருவென விழிப்பார். அப்பா தொடையைத் தட்டிக்கொண்டு சிரிப்பார். நானும்தான்.

சென்ற ஆண்டு பெங்களூரு எம்.ஜி. ரோடு மெட்ரோ நிலையத்தின் படியில் ஒரு பையன் போனைக் காதில் வைத்துக்கொண்டு, “நான் வருவதற்குள் போய்விட்டாயே அம்மா” என்று விம்மிக்கொண்டிருந்தான். நாள் முழுவதும் கன்னடமும் ஆங்கிலமும் பேசிவிட்டு வருகிறவனுக்குத் தெருவில் தமிழ் கேட்டால் கால் தானாக நின்றுவிடும். அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். எந்த ஊர் என்று கேட்டேன். வாணியம்பாடி என்றான். சாந்திநகரில் பஸ் பிடித்தால் இருட்டுவதற்குள் பாதி வழி போய்விடலாம் என்று சொல்லி, ஐந்நூறு ரூபாயை மடித்துக் கையில் வைத்து, தலையையும் தடவிக்கொடுத்தேன்.

நிமிர்ந்தான். கண்ணில் பொட்டு நீர் இல்லை. “அண்ணா, அதோ கேமரா.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அவர்களைவிடச் சத்தமாக. கோபித்துக்கொண்டால் இரண்டாவது முறையும் முட்டாளாவோம் என்று அந்த நொடியில் எனக்கு எப்படித்தான் தோன்றியதோ! பணத்தை மடிப்புக் கலையாமல் திருப்பிக் கொடுத்துவிட்டான். அதில் குறை சொல்ல முடியாது. பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்கும்போதுதான் கையிலிருந்து அவனுடைய தலை ஜெல்லின் வாசனை வந்தது. வீட்டுக்குப் போனதும் முதலில் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினேன்.

அன்று இரவும் அப்பா அதே நிகழ்ச்சியை வைத்திருந்தார். இரண்டு இடங்களில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதை என்னவென்று சொல்வது?

முன்னாள் கேமராக்காரன் எழுதுகிறார்:

சர்ச் தெருவிலும் கோரமங்களாவிலும் எட்டு மாதம் இந்தக் குறும்பு வீடியோ வேலை பார்த்தவன் நான். சிக்குகிறவருக்கு எங்கள் பேச்சில் ‘பக்ரா’ என்று பெயர், எம்.டி.வி.யில் சைரஸ் ப்ரோச்சா நடத்திய நிகழ்ச்சியின் பெயரே ஒட்டிக்கொண்டது. இந்தியில் ஆட்டுக்கடா.

வெயிலில் பதினைந்து பேரைப் பிடித்தால் மூன்று பேர் தேறுவார்கள். மற்றவர்கள் திட்டியவர்கள், ஓடியவர்கள், “அழித்துவிடுங்கள் தம்பி” என்று கையைப் பிடித்துக் கெஞ்சியவர்கள். அவர்கள் வீடியோவில் வர மாட்டார்கள். அதனால்தான் பார்க்கிறவர்களுக்கு ஊரே இதை ரசிப்பதுபோல் தெரிகிறது. அந்த மூன்று பேரிலும் ஒருவர் சில நாட்களில் எங்கள் நண்பராகவே இருப்பார். இன்னொன்று: காரிலிருந்து இறங்குகிறவரிடம் நாங்கள் ஒருநாளும் போனதில்லை. காவலாளி, சாப்பாடு கொண்டுபோகும் பையன், தனியாக நடக்கும் கல்லூரிப் பெண். அப்படி யாரும் சொல்லித்தரவில்லை, தானாகவே தெரிந்தது.

2019 நவம்பரில் யஷ்வந்த்பூர் பக்கம் இரவில் பேய் வேடம் போட்டு வழிப்போக்கர்களை மிரட்டிய ஏழு இளைஞர்களைப் போலீஸ் பிடித்தது நினைவிருக்கும். ஒரு வாரம் அடங்கியிருந்தோம், அவ்வளவுதான்.

நான் விலகியது அதனால் அல்ல. ஒரு அடுக்குமாடி வாசலில் எங்கள் ஆள் அதிகாரிபோல் போய், “உன்மேல் புகார் வந்திருக்கிறது” என்று காவலாளியை அதட்டினான். அந்தப் பெரியவர் ஒன்றும் பேசாமல் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். நான் அவர் முகத்தை நெருங்கி எடுத்தேன், அதுதான் என் வேலை. தொப்பி அழுத்திய கோடு நெற்றியில் அப்படியே பதிந்திருந்தது. விளையாட்டு என்று சொன்ன பிறகும் அவர் தொப்பியைப் போடவில்லை. எங்களுக்கு அதிகம் ஓடிய வீடியோ அது.

ஃபிரேசர் டவுன் அத்தை எழுதுகிறார்:

அல்சூர்த் தம்பி, கையைக் கழுவியது சரி. சிரித்ததற்காக இவ்வளவு நொந்துகொள்ள வேண்டாம்.

1948இல் அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு ‘கேண்டிட் கேமரா’வைக் கொண்டுவந்த ஆலன் ஃபன்ட்டுக்கு நேர்ந்ததைக் கேளுங்கள். 1969இல் அவர் மயாமிக்குப் போன விமானத்தைக் கியூபாவுக்குக் கடத்திவிட்டார்கள். அவரை அடையாளம் கண்ட பயணிகளோ, எல்லாம் படப்பிடிப்பு என்று நம்பிக் குஷியாகிவிட்டார்களாம். நிஜமான கடத்தல் என்று அந்த மனிதர் யாரிடம் போய்ச் சொல்வார், பாவம்!

நானும் மாட்டியிருக்கிறேன். கப்பன் பூங்காவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கையில் பதிவேட்டோடு வந்த பையன், “ஆன்ட்டி, இந்த டேப்பைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள், மரத்தை அளக்க வேண்டும்” என்றான். மறுமுனையோடு புதருக்குப் பின்னால் போனான். போனவன் போனவன்தான். பத்து நிமிடம் நேர்கோடு பிசகாமல் நின்றேன். லேசாக இழுத்துப் பார்த்தால் அந்தப் பக்கமிருந்தும் இழுக்கிறார்கள்! பொறுமை போய் நாடாவைப் பிடித்தபடியே நடந்தால், மூங்கிலுக்கு அப்பால் பருத்திப் புடவையில் ஒரு மாமி, மறுமுனையை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, “நீங்கள்தான் தோட்டக்கலைத் துறையா?” என்று என்னிடம் கோபமாகக் கேட்கிறார்.

வயிறு வலிக்கச் சிரித்தோம். பையன்கள் வந்து கேமராவைக் காட்டியபோது, வீடியோவைக் கட்டாயம் அனுப்ப வேண்டும் என்று மாமி அவர்களை மிரட்டினார். எங்களை யாரும் அழவைக்கவில்லை, பயமுறுத்தவும் இல்லை. அதனால் எனக்கு இப்படிப் பேசுவது எளிது என்பதும் தெரிகிறது. அந்தக் காவலாளியின் தொப்பியைப் படித்த பிறகு காபி இறங்கவில்லை.

மாமியோடு இப்போது வாரம் மூன்று நாள் நடைப்பயிற்சி. யாராவது பதிவேட்டோடு எதிரே வந்தால் இருவரும் கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறோம்.