பள்ளி மலர்: பாதியில் நின்றவர்களையும் சேர்ப்போம்

எல்லோருக்கும் வணக்கம். நம் பள்ளியில் படித்தவர்களைப் பற்றிப் போடப்போகும் மலருக்கான பெயர்ப் பட்டியலைப் பார்த்தேன். டாக்டர், இன்ஜினியர், தாசில்தார் என்று வரிசையாக இருக்கிறது, சந்தோஷம். ஆனால் நம் யூனியன் பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்து ஐந்தைத் தாண்டாமல் நின்றுபோனவர்கள் எத்தனை பேர், அவர்களில் ஒருவர்கூட அதில் இல்லை. அதோடு, 'அந்தக் காலத்துப் பெற்றோருக்குப் படிப்பின் அருமை தெரியாது' என்று போன வாரம் ஒரு தம்பி எழுதியதையும் என்னால் ஏற்க முடியவில்லை.

என் அம்மா 1960-களில் மூன்றாம் வகுப்போடு நின்றவர். நம்முடையது வானம் பார்த்த கரிசல், இரண்டு வருஷம் சேர்ந்தாற்போல் மழை பொய்த்தால் வீட்டில் இருக்கிற எல்லாக் கையும் வேலைக்குப் போயாக வேண்டும். பெரிய வாத்தியார் வீடு தேடி வந்து, "பொம்பளப் பிள்ளைய நிறுத்தாதீங்க" என்று கேட்டிருக்கிறார். தாத்தா பதிலே சொல்லாமல் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டாராம். அருமை தெரியாதவருக்கு அந்தக் கேள்வி அவ்வளவு வலித்திருக்குமா?

அப்புறம் தீப்பெட்டி ஒட்டுகிற வேலைதான். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, மைதாப் பசையை விரலால் தொட்டு, காகிதத்தை மடித்து ஒட்டி ஒட்டிப் போட வேண்டும். குரோஸ் கணக்கில்தான் கூலி, ஒரு குரோசுக்கு 144 பெட்டி. வாத்தியார் சாயங்காலம் அந்தப் பக்கம் போகும்போது நின்று, பன்னிரண்டு பெட்டி ஒரு அடுக்கு, பன்னிரண்டு அடுக்கு ஒரு குரோஸ் என்று அடுக்கச் சொல்லி, அதிலேயே பன்னிரண்டாம் வாய்ப்பாட்டை ஏற்றிவிட்டார். கூலிக் கணக்கில் அம்மாவை ஒருத்தரும் ஏமாற்ற முடிந்ததில்லை.

மதிய உணவையும் மறக்கக் கூடாது. காமராஜர் 1956-இல் எட்டயபுரத்தில் தொடங்கியது, நமக்குப் பக்கத்து ஊர்தான். அம்மா காலத்தில் கேர் என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனம் தந்த மஞ்சள் சோளமாவில் உப்புமா கிண்டுவார்கள். பள்ளிக்கூடம் போனதே அதுக்காகத்தான் என்று அம்மா கூச்சமில்லாமல் சொல்வார். பாதியைத் தின்றுவிட்டு மீதியை வட்டிலோடு தம்பிக்குக் கொண்டு போவதைச் சமையல் ஆயா பார்த்துவிட்டு, மறுநாளிலிருந்து ஒரு கரண்டி கூடவே வைத்தாராம். அந்த ஆயாவுக்கு மலரில் ஒரு பக்கம் கொடுக்க வேண்டாமா?

எங்கள் அக்கா காலத்தில் வேலை வீட்டை விட்டு ஆபீசுக்கு, அதாவது தீப்பெட்டித் தொழிற்சாலைக்குப் போய்விட்டது. விடிவதற்கு முன்னால் தீப்பெட்டி ஆபீஸ் பஸ் ஊர் முக்கில் ஹாரன் அடிக்கும், தூக்கம் கலையாத பிள்ளைகளைத் தூக்கி ஏற்றுவார்கள். சிவகாசி குழந்தைத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது 1996-இல்தான், அதற்குள் அக்காவுக்குக் கல்யாணமே ஆகிவிட்டது.

மலர்க் குழுவில் இருக்கும் அண்ணன்மாருக்கு ஒரு வேண்டுகோள்: இருபது பக்கமாவது இவர்களுக்கு ஒதுக்குங்கள். எழுதத் தெரியாதவர்கள் பேசட்டும், போனில் பதிவு செய்து அனுப்பினால் தட்டச்சு செய்வது என் பொறுப்பு. துபாய், சிங்கப்பூரில் இருப்பவர்கள் லீவு நாளில் வீட்டுக்குப் பேசும்போதே கேட்டுவிடலாம். பொங்கலுக்கு ஊர் போகிறவர்கள் கீழத் தெருவில் இருக்கும் பெரியவர்களை முதலில் பாருங்கள், அவர்களில் பலருக்கு எண்பதுக்கு மேல் ஆகிறது.