டயரின் வெட்டு தேயாமல் இருந்தும் வேன் ஏன் பிரண்டது?

களுவாஞ்சிகுடி வேன்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். போன கிழமை கதிர்காமம் போய்த் திரும்பும்போது கோமாரிக்கும் திருக்கோவிலுக்கும் இடையில் எங்கள் வேன் குடைசாய்ந்தது. உள்ளே 11 பேர். உயிர்ச்சேதம் இல்லை, மாமிக்கு மட்டும் தோள்பட்டை எலும்பு வெடித்திருக்கிறது. நான்தான் ஓடியது.

பின்னேரம் இரண்டு மணி, நல்ல வெயில், நேர் ரோடு, 80இல் வந்தேன். பின் இடது பக்கத்தில் யாரோ செருப்பால் தகரத்தில் அடிப்பதுபோல ‘தட் தட்’ என்று சத்தம். ஏதோ கல் மாட்டியிருக்கும் என்று விட்டுவிட்டேன். கொஞ்சத் தூரம் போக வேனே அதிர்ந்தது, பிறகு ஒரு பெரிய அடி. பிரேக்கை மிதித்தேன், பின்பக்கம் இழுத்தது, ஸ்டியரிங்கை மறுபக்கம் வெட்டினேன். பிறகு கண்ணாடிக்குள்ளால் மணல்தான் தெரிந்தது.

டயர் மொட்டை இல்லை. ரோட்டைப் பிடிக்கும் வெட்டுக்கோடுகள் இன்னும் ஆழமாக இருக்கின்றன. மேல்தோல்தான் வாழைப்பட்டை உரித்ததுபோலக் கழன்று மட்கார்டில் சுற்றிக் கிடக்கிறது. ஆறு மாதத்துக்கு முன் பாவித்த டயர் விற்கும் ஓரிடத்தில் வாங்கியது, ‘அரைவாசிகூட ஓடாத டயர்’ என்று தந்தார்கள். ஆட்கள் எல்லாம் நான் நித்திரை கொண்டுவிட்டேன் என்கிறார்கள். மற்ற டயர்களை நம்பலாமா?

செங்கலடி தம்பி:
காற்றைக் கூடுதலாக அடித்திருப்பீர்கள் அண்ணன். வெயில் காலத்தில் ஐந்தாறு பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) குறைத்து அடிக்க வேண்டும்.

கல்முனை டயர் கடை:
செங்கலடித் தம்பி சொன்னதை யாரும் செய்ய வேண்டாம், ஆள் தப்பாது. காற்றைக் குறைத்தால் டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றுக்கும் மடிந்து நிமிரும். அந்த மடிப்புதான் சூடு. ஆள், சாமான், வெயில் எல்லாம் சேர்ந்தால் உள்ளே இருக்கும் கம்பிப்பட்டிக்கும் மேல்தோலுக்கும் இடையிலான ஒட்டு விடும். எவ்வளவு அடிப்பது என்று சாரதி பக்கக் கதவைத் திறந்தால் ஸ்டிக்கரில் இருக்கும். காலையில் ஓடுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது அடியுங்கள்.

அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு ஃபயர்ஸ்டோன் டயர் விசயம் நடந்ததே, அதுவும் இதே கதைதான். ஃபோர்ட் எக்ஸ்புளோரர் ஜீப்களில் மேல்தோல் கழன்று, வாகனம் உருண்டு, 270 பேருக்கு மேல் இறந்தார்கள். 65 இலட்சம் டயர்களைத் திருப்பி எடுத்தார்கள். ஃபோர்ட் அடிக்கச் சொன்னது 26 பிஎஸ்ஐ. அது குறைவு, ஜீப்பும் பிரளக்கூடியது என்றது டயர் கம்பனி. டயர்தான் பிழை என்றது ஃபோர்ட். கூடுதலாக நடந்தது வெக்கையான மாநிலங்களில். நம்மட பக்கத்து வெயிலைச் சொல்லவா வேண்டும்?

சரி, உங்கள் டயருக்கு வருவோம். வெட்டைப் பார்த்து டயரின் வயது தெரியாது. ஓடாமல் கிடந்தாலும் இறப்பர் காய்ந்துபோகும். பக்கச்சுவரில் ‘டிஓடி’ (DOT) என்று தொடங்கும் வரியின் கடைசி நான்கு இலக்கத்தைப் பாருங்கள். முதல் இரண்டும் கிழமை, பின் இரண்டும் வருடம். ஆறு வருடம் தாண்டினால் ஆள் ஏற்றும் வேனுக்கு நான் போட்டுத் தர மாட்டேன். பத்து தாண்டினால் எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும் கழற்றத்தான் வேண்டும்.

இன்னொன்று, கோபிக்க வேண்டாம். டயர் போன உடனே பிரேக் அடித்ததும், ஸ்டியரிங்கை வெட்டியதும்தான் வேனைப் பிரட்டியது. உயரமான வாகனம், மேலே பாரம். ஸ்டியரிங்கை நேரே இறுக்கிப் பிடித்து, அக்சிலேட்டரை மெல்ல விட்டு, வேகம் தானாக இறங்கிய பிறகுதான் ஓரம் கட்ட வேண்டும். அந்த ‘தட் தட்’ கேட்டபோதே மெதுவாக நிறுத்தியிருந்தால் இந்தப் பேச்சே இருக்காது.

களுவாஞ்சிகுடி வேன்காரன்:
வேன் முற்றத்தில்தான் நிற்கிறது. வெளிப்பக்கம் அந்த நான்கு இலக்கம் இல்லை. அடியில் மல்லாந்து படுத்து, உள்பக்கச் சேற்றைத் தேங்காய்த் தும்பால் தேய்த்த பிறகு டோர்ச் வெளிச்சத்தில் தெரிந்தது. கழன்ற டயர் 3411. பின் வலது 1012, அதே இடத்தில் வாங்கியது. முன் இரண்டும் 2221. ஸ்பெயாரில் வேறு மாதிரி: அளவு 195/65 ஆர்15, பக்கத்தில் 91 என்று இருக்கிறது.

கல்முனை டயர் கடை:
2011, 2012! பின்னால் இருந்த இரண்டும் பத்து வருடத்தைத் தாண்டியவை. முன்னிரண்டையும் 2027 நடுப்பகுதி வரை ஓடலாம்; விபத்தில் அடிபட்டதால் கழற்றி உள்பக்கத்தைப் பார்த்த பிறகு. ஸ்பெயார் கார் டயர். 91 என்றால் 615 கிலோதான் தாங்கும், வேன் டயரில் 106 இருக்கும், அது 950 கிலோ. ரிம்மில் ஏறுகிறதே என்று போட்டிருக்கிறார்கள்.

கழன்ற டயரையும் அந்தத் தோலையும் எறிய வேண்டாம். காப்புறுதிக்காரர் பார்க்கும்வரை இலக்கம் தெரிகிற மாதிரிப் படம் எடுத்து வையுங்கள். மாமிக்கு எப்படி?

களுவாஞ்சிகுடி வேன்காரன்:
மாமி பரவாயில்லை. மருமகன் நித்திரை கொள்ளவில்லை என்று, பார்க்க வருகிற எல்லாருக்கும் கட்டுப் போட்ட கையோடு அவதான் டயரைக் காட்டுகிறா.