முதல் குழந்தையை எத்தனை வயது வரை தள்ளிப்போடலாம்?

கேள்வி:
எனக்கு வயது 31, கணவருக்கு 36. என் முனைவர் பட்ட ஆய்வு முடிய இன்னும் மூன்று ஆண்டுகள் ஆகும் என்பதால், அதன் பிறகே குழந்தை பெற்றுக்கொள்ளலாம் என்று எண்ணியிருக்கிறோம். இரண்டு குழந்தைகளாவது வேண்டும் என்பது இருவரின் விருப்பம். கருமுட்டை இருப்பை அறிய உதவும் ஏஎம்ஹெச் என்ற இரத்தப் பரிசோதனையின் முடிவு இயல்பாகவே இருக்கிறது. அதை நம்பிக் காத்திருக்கலாமா? 35 வயதைத் தாண்டினால் கடினம் என்று பலரும் சொல்வதில் எவ்வளவு உண்மை இருக்கிறது?

பதில் 1:
35 வயதில் திடீரென்று எதுவும் நின்றுவிடுவதில்லை. முப்பதுகளின் தொடக்கத்தில் மெல்லத் தொடங்கும் சரிவு, 37 வயதையொட்டி வேகமெடுக்கிறது. 30 வயதில் ஒரு மாதத்தில் கருத்தரிக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 20 விழுக்காடு என்றால், 40 வயதில் அது 5 விழுக்காட்டுக்கும் கீழே போய்விடுகிறது. வயது கூடக்கூட, கருச்சிதைவுக்கும் குழந்தைக்கு டவுன் நோய்க்குறி என்ற பிறவிக் குறைபாடு ஏற்படுவதற்கும் வாய்ப்பு கூடுகிறது. ஏஎம்ஹெச் அளவு, கருமுட்டைகள் எவ்வளவு மீதமிருக்கின்றன என்பதைத்தான் காட்டும். அவற்றின் தரம் பெரும்பாலும் வயதைப் பொறுத்தது. ஆகவே அந்த ஒரு முடிவை வைத்துக்கொண்டு மூன்று ஆண்டுகளைத் தள்ளிப்போடாதீர்கள்.

பதில் 2:
உங்கள் கேள்வியில் முக்கியமான சொல் 'இரண்டு' என்பதே. எத்தனை குழந்தைகள் வேண்டும் என்று முதலில் முடிவு செய்துவிட்டு, அங்கிருந்து பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட கணக்கீட்டின்படி, சோதனைக்குழாய் முறையின் உதவியின்றி 90 விழுக்காடு வாய்ப்புடன் ஒரு குழந்தை பெற, பெண் 32 வயதுக்குள் முயற்சியைத் தொடங்க வேண்டும். இரண்டு குழந்தைகளுக்கு 27 வயதுக்குள். 75 விழுக்காடு வாய்ப்பே போதும் என்றால், இரண்டு குழந்தைகளுக்கு 34 வரை காத்திருக்கலாம். நீங்கள் சொல்லும் மூன்று ஆண்டுகள் சரியாக அந்த எல்லையில் போய் நிற்கின்றன. சோதனைக்குழாய் முறை இருக்கிறதே என்ற எண்ணமும் வேண்டாம். வயதால் இழந்ததை அது முழுமையாக ஈடுசெய்வதில்லை.

பதில் 3:
நான் 38 வயதில் தாயானேன். வேலை நிலைத்திருந்தது, சேமிப்பும் இருந்தது. அந்த நிம்மதியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் இரவெல்லாம் விழித்துப் பாலூட்டிவிட்டு, விடிந்ததும் இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்த அம்மாவைத் தாங்கிப் பிடித்துக் கழிவறைக்கு அழைத்துச் சென்ற அந்த ஆண்டை எந்தப் புள்ளிவிவரமும் சொல்லாது. தாமதமானால், கைக்குழந்தையையும் முதிய பெற்றோரையும் ஒரே வேளையில் கவனிக்க நேரலாம் என்பதையும் உங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆய்வு முடியட்டும் என்று காத்திருப்பதைவிட, பேறுகால விடுப்புக்கும் கால நீட்டிப்புக்கும் என்ன வழி என்று இப்போதே நெறியாளரிடம் கேளுங்கள். கணவரின் வயதையும் ஒதுக்கிவிடாதீர்கள். ஆணுக்கு வயது கூடக்கூட விந்தணுக்களில் புதிய மரபணு மாற்றங்களும் கூடுகின்றன. 35 வயதுக்குள் முயன்றால் ஓராண்டும், அதன் பிறகு என்றால் ஆறு மாதங்களும் பார்த்துவிட்டு, கரு நிற்காதபோது இருவரும் சேர்ந்தே மருத்துவரிடம் செல்லுங்கள்.