டெஸ்பாட்ச்: ஈயா, ஐயா?

ஒழுகும்பேனா: "அனுப்புவதைக் குறிக்கும் டெஸ்பாட்ச் என்ற சொல்லை ஈ போட்டு (despatch) எழுதுவதுதான் அசல் ஆங்கிலம், ஐ போடுவது (dispatch) அமெரிக்கர்கள் கெடுத்தது" என்று நேற்று ஒரு மேதை இங்கே அடித்துவிட்டுப் போயிருக்கிறார். இந்தச் சொல் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஸ்பானிய மொழியிலிருந்தோ இத்தாலியத்திலிருந்தோ ஆங்கிலத்துக்கு வந்துவிட்டது, வந்த நாளிலிருந்து ஐதான். அமெரிக்கா என்ற நாடே அப்போது கிடையாது சார்.

முத்திரைக்கட்டை: அந்த மேதை நான்தான். 31 வருடம் அலுவலகத் தபால்களை அனுப்பும் டெஸ்பாட்ச் செக்‌ஷனில் உட்கார்ந்தவன். பதிவேட்டு அட்டையில் ஈ, ரப்பர் ஸ்டாம்பில் ஈ. லண்டன் பாராளுமன்றத்தில் மேஜைமேல் இருக்கும், பிரதமர் அருகில் நின்று பேசும் பெட்டியான டெஸ்பாட்ச் பாக்ஸுக்கும் ஈ. அங்கே போய்த் திருத்துங்கள்.

ஒழுகும்பேனா: அந்த ஈ 1755இல் சாமுவேல் ஜான்சன் தொகுத்த ஆங்கில அகராதியில் வந்து உட்கார்ந்தது. அவர் மேற்கோள் காட்டிய ஆசிரியர்கள் அத்தனை பேரும் ஐ, அவரே கைப்பட எழுதும்போதும் ஐ. அகராதியில் எப்படியோ ஈ விழுந்துவிட்டது, 1820 வாக்கிலிருந்து பலர் அதைப் பிடித்துக்கொண்டார்கள். தவறுக்கு வயதானால் சரியாகிவிடுமா?

முத்திரைக்கட்டை: ஜான்சனுக்கே பிழைதிருத்தமா! சரி தம்பி, ஸ்பானியத்தில் 'தெஸ்பச்சார்', அங்கே என்ன எழுத்து? ஈ. பதில் வரட்டும்.

ஒழுகும்பேனா: இத்தாலியத்தில் 'டிஸ்பச்சாரே', ஐ. நாம் பேசுவது ஆங்கிலத்தில் எழுதியதைப் பற்றி.

முத்திரைக்கட்டை: ஸ்பானியத்தில் ஈயா இல்லையா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

சும்மாவந்தவன்: இந்தச் சொல்லுக்கு ஆளைத் தீர்த்துக்கட்டுவது என்றும் ஒரு பொருள் உண்டே, நாம் 'மேலே அனுப்பிட்டான்' என்கிற மாதிரி. அதைப் பற்றி யாராவது...

முத்திரைக்கட்டை: பொருள் கிடக்கட்டும். முதலில் எழுத்து.

ஒழுகும்பேனா: போன மாதம் கோவிலா கோயிலா என்று நாலு நாள் கத்தியவர்தானே நீங்கள்?

முத்திரைக்கட்டை: கோயில்தான். அதில் தோற்ற ஆத்திரத்தை இங்கே கொண்டுவராதீர்கள்.

ஒழுகும்பேனா: யார் தோற்றது? நீங்கள்தான் பாதியில் காணாமல் போனீர்கள்!

சும்மாவந்தவன்: மொத்தத்தில் இரண்டு பேரும் ஈ ஓட்டுகிறீர்கள்.

முத்திரைக்கட்டை: பார்த்தீர்களா, இவரும் ஈ என்கிறார். நாளைக்குப் பழைய பதிவேட்டைப் படம் எடுத்துப் போடுகிறேன். அதுவரைக்கும் ஸ்பானியத்தில் என்ன எழுத்து என்று யோசித்து வையுங்கள் தம்பி.