பழைய ஹைட்ரோ டிராக்டர்: உழவில் தோற்றது, பேலரில் ஜெயித்தது

ஆறு வருடமாக ஒரு பழைய ஹைட்ரோஸ்டாட்டிக் டிராக்டர் ஓட்டுகிறேன், அதாவது கியருக்குப் பதில் ஆயில் அழுத்தத்தால் சக்கரம் ஓடும் வண்டி. "டீசல் குடிக்கும், இழுக்காது" என்று வாங்கும்போதே சொன்னார்கள். முதல் உழவிலேயே அது புரிந்துவிட்டது. கலப்பை கொஞ்சம் ஆழமாக இறங்கியதும் இன்ஜின் முக்கும், வேகம் விழும், சீட்டுக்கு அடியில் பம்ப் ஊளையிடும். ஒருநாள் மதியம் வண்டியை நிறுத்திவிட்டு டிரான்ஸ்மிஷன் கூட்டின் மேல் கையை வைத்தேன். ஒரு நொடிகூட வைக்க முடியவில்லை.

அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது என்று அப்புறம்தான் கணக்குப் போட்டேன். கியர் வண்டியில் பல்லோடு பல் கவ்வித் திருப்புகிறது. இன்ஜின் சக்தியில் நூற்றில் சுமார் தொண்ணூறு சக்கரத்துக்குப் போய்விடும். இதில் இன்ஜின் பம்பைச் சுற்றுகிறது, பம்ப் ஆயிலைத் தள்ளுகிறது, ஆயில் மோட்டாரைச் சுற்றுகிறது. பம்பில் 92 சதவீதம், மோட்டாரில் 92 சதவீதம் என்று வைத்தாலும் இரண்டையும் பெருக்கினால் 85க்குப் பக்கத்தில்தான் நிற்கும். அதுவும் பம்ப் நல்ல நிலையில் இருந்தால். 60 குதிரைத்திறனில் 20 சதவீதம் போனால் 12 குதிரைத்திறன், அதாவது சுமார் 9 கிலோவாட். ஆயிரம் வாட் ஹீட்டர் ஒன்பதை ஆயிலுக்குள் போட்டு வைத்த மாதிரி!

ஆனால் பாதித் தப்பு என்னுடையது. வேக ஓட்டத்துக்கான ஹை ரேஞ்சில் போட்டு, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் லீவரைப் பாதியில் வைத்தே உழுதுகொண்டிருந்தேன். இந்த வண்டியில் பழகிய ஒருவர் பார்த்துவிட்டு, "லோ ரேஞ்ச் போடு தம்பி, லீவரை முழுசா முன்னாடி தள்ளு" என்றார். வேகம் கிட்டத்தட்ட அதேதான், ஊளை மட்டும் அடங்கியது. லோ ரேஞ்சில் அதே இழுவைக்கு ஆயில் அழுத்தம் குறைவு, பம்ப் முழு வீச்சில் ஓடுகிறது. கசிந்து வீணாவது அழுத்தத்தோடு சேர்ந்து ஏறுவது. பம்ப் கொஞ்சமாகத் தள்ளும்போது அந்தக் கசிவே பெரிய பங்காகிவிடும்.

இதே வண்டியில் வைக்கோலைக் கட்டாகக் கட்டும் பேலரை மாட்டினால் கதை வேறு. வைக்கோல் வரிசை ஓரிடத்தில் முழங்கால் உயரம் கிடக்கும், அடுத்த பத்தடியில் மெலிந்துவிடும். பேலரைச் சுற்றும் பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 சுற்றிலேயே நிற்க, லீவரை விரலால் பின்னுக்கு இழுத்தால் வண்டி மட்டும் மெதுவாகும். ஒற்றைக் கிளட்ச் உள்ள கியர் வண்டியில் கிளட்சை மிதித்தால் பேலரும் சேர்ந்தே நிற்கும். அப்புறம் அடைத்துக்கொண்டதைக் கையால் பிடுங்க வேண்டும். அந்த வேலையில் நூற்றுக்கு இவ்வளவு திறன் என்று பார்த்து என்ன செய்ய? பொழுது சாய்வதற்குள் வயல் முடிந்ததா என்பதுதான் எனக்குக் கணக்கு.

*

அண்ணா, உங்கள் வண்டி காலையில் நன்றாக இழுத்து மதியம் தளர்கிறதா? அப்படியென்றால் அது ஹைட்ரோவின் இயல்பு மட்டும் இல்லை, தேய்மானமும் சேர்ந்திருக்கிறது. நான் ஹைட்ரோ பம்ப் பழுது பார்க்கிறவன். பம்புக்குள் பிஸ்டன் ஓரத்திலும் வால்வு தட்டிலும் இடைவெளி கூடினால் ஆயில் கசியும், கசிந்தால் சூடாகும், சூடானால் ஆயில் நீர்த்து இன்னும் கசியும். கசிவு ஆயில் தனிக் குழாயில் வெளியே வரும் வண்டி என்றால், சூடான பிறகு அதை ஒரு கேனில் பிடித்து நிமிடத்துக்கு எவ்வளவு என்று பாருங்கள். அதற்கு முன் ஆயில் ஃபில்டரை அறுத்து, உலோகப் பொடி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

1967இல் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனியின் 656 ஹைட்ரோ டிராக்டர் வந்ததிலிருந்தே உழவுக்கு இது சரிவராது என்ற பேச்சு உண்டு. அதைத் தீர்க்கத்தான் பின்னாளில் ஃபென்ட் வேரியோ மாதிரி வண்டிகளில் சக்தியைப் பிரித்து, ஒரு பகுதியைப் பல்சக்கரம் வழியாகவும் ஒரு பகுதியை மட்டும் ஆயில் வழியாகவும் அனுப்பினார்கள்.

*

சரி தம்பி, நீங்கள் சொன்னபடி ஃபில்டரை இன்று அறுத்தேன். காகித மடிப்பை வெயிலில் விரித்தால் பொன்நிறத்தில் பொடி மின்னுகிறது, விரலில் தேய்த்தால் ஒட்டுகிறது. காந்தம் காட்டினேன், இழுக்கவில்லை. பம்புக்குள் தேய்ந்த வெண்கலம்தான் போல. இந்த வார உழவைப் பக்கத்து கியர் வண்டிக்கு விட்டுவிட்டேன். பேலர் வேலை ஆரம்பிப்பதற்குள் பம்பைப் பிரித்துவிட வேண்டும்.